லாரி இன்சூரன்ஸில் தொடங்கிய கடிதங்கள்: பிரேம் வாட்சாவின் ஆண்டறிக்கைகளைப் பற்றி

முதலீடு பற்றிப் படிக்க என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நான் சொல்லும் பதிலுக்குக் காசே வேண்டாம். டொராண்டோவில் ஃபேர்ஃபாக்ஸ் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ் என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. அதன் தலைவர் பிரேம் வாட்சா வருஷம் தவறாமல் பங்குதாரர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். 1985-ம் ஆண்டுக் கணக்கில் ஆரம்பித்த வரிசை இன்னும் அறுபடவில்லை. நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போனால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆண்டறிக்கையின் முன்பக்கங்களில் வரும் அந்தக் கடிதங்களைத்தான் இங்கே மதிப்பிடப் போகிறேன்.

எனக்கும் அவற்றுக்கும் உள்ள சம்பந்தம் லாரி. நாமக்கல்லில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில், லாரி பாலிசியும் விபத்து கிளெய்மும் பார்த்தே என் பணிக்காலம் முழுக்க ஓடியது. வாட்சா 1985-ல் கையில் எடுத்ததும் லாரிகளுக்குப் பாலிசி போடும் ஒரு சின்னக் கம்பெனிதான். பங்குச் சந்தைக்காரர்கள் இந்தக் கடிதங்களை அடுத்து எந்தப் பங்கு என்று தெரிந்துகொள்ளப் படிக்கிறார்கள். இன்சூரன்ஸ் தெரிந்தவன் படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. ஒரு மனிதர் தனக்கு வந்த அடிகளைத் தன் கையாலேயே எழுதி, பிறகு அதை மறைக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். இந்த வரிசையின் மதிப்பே அந்த நஷ்ட ஆண்டுக் கடிதங்களில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடிதங்களில் அவர் தன் சொந்தக் கதையை அதிகம் பேசுவதில்லை, அதனால் புதிதாகப் படிப்பவர்களுக்கு இது உதவும். 1950-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். அங்கே ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல், அப்புறம் சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் எஞ்சினியரிங். 1971-ல் பட்டம் வாங்கி, மறுவருஷமே கனடாவுக்குப் போனார். ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற ஊரில் அவர் சகோதரர் இருந்தார். அந்நியச் செலாவணிக்கு நம் நாட்டில் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். வெளிநாடு போகிறவர் கையில் கொண்டுபோக அனுமதித்தது 8 டாலர். அந்த 8 டாலரோடுதான் இறங்கினார். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்தபோது செலவுக்கு ஏர் கண்டிஷனரும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் விற்றார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி விற்கும் வேலை. பாலிசி விற்றுப் பழகியவர்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று விளக்க வேண்டியதில்லை.

1974-ல் டொராண்டோவில் கான்ஃபெடரேஷன் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவில் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த ஜான் வாட்சன்தான் பெஞ்சமின் கிரஹாமைப் படிக்கச் சொன்னவர். ஒரு கம்பெனியின் சொத்து, கடன், லாபம் எல்லாவற்றையும் எடைபோட்டு இவ்வளவு பெறும் என்று கணக்குப் போடு, சந்தையில் அதைவிட நன்றாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் மட்டும் வாங்கு, இடைவெளி பெரிதாக இருந்தால் உன் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் போட்ட பணம் தப்பிக்கும் என்பது கிரஹாமின் வழி. அந்த கிரஹாமும் குடியேறியவர்தான். 1894-ல் இங்கிலாந்தின் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் போனவர். வாட்சா தன் மகனுக்கு பெஞ்சமின் என்று பெயர் வைத்ததைப் பார்த்தால் அந்தப் படிப்பு எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று தெரியும்.

இடையில் ஒரு தகவல். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கான்ஃபெடரேஷன் லைஃப் 1994-ல் திவாலானது. பாலிசிதாரர்களின் பணத்தைக் கட்டடக் கடன்களில் அளவுக்கு மீறிப் போட்டதுதான் காரணம். வாட்சா பத்து வருஷத்துக்கு முன்பே வெளியேறிவிட்டார். ஆனால் காப்பீட்டு நிறுவனம் எப்படிச் சாகும் என்பதற்கு, தான் உட்கார்ந்து வேலை பார்த்த இடமே அவருக்குச் சாட்சியாகிவிட்டது.

1984-ல், முன்பு தனக்கு அதிகாரியாக இருந்த டோனி ஹாம்பிளினோடு சேர்ந்து ஹாம்பிளின் வாட்சா என்ற முதலீட்டு ஆலோசனை நிறுவனம். 1985-ல் மார்க்கெல் ஃபைனான்ஷியல் என்ற, நொடித்துக்கொண்டிருந்த லாரி இன்சூரன்ஸ் கம்பெனி அவர் கைக்கு வந்தது. 1987-ல் அதற்கு ஃபேர்ஃபாக்ஸ் என்று பெயர் மாற்றினார்.

கடிதங்களில் நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் இடம் ஒரு அட்டவணை. தொடக்கம் முதல் இன்றுவரை ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வரி என்று ஒரே பக்கத்தில் ஓடும். முதல் வரியைப் பாருங்கள். 1985: வருமானம் 12.2 மில்லியன் டாலர், நஷ்டம் 0.6 மில்லியன், பங்குதாரர் மூலதனம் 7.6 மில்லியன், பங்கு ஒன்றுக்குப் புத்தக மதிப்பு, அதாவது சொத்தில் கடன் போக மீதி, 1.52 டாலர். எல்லாம் அமெரிக்க டாலர் கணக்கு. கடைசி வரிகளுக்கு வந்தால் 2024-ல் நிகர லாபம் மட்டும் 3.9 பில்லியன் டாலருக்குக் கொஞ்சம் குறைவு, புத்தக மதிப்பு ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு வரிகளை மட்டும் எடுத்துப் போட்டு வெற்றிக் கதை எழுதுகிறவர்கள் நிறைய. நான் கேட்டுக்கொள்வது, விரலை வைத்து நடுவில் இருக்கும் வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள் என்பதுதான். 1999-ல் சுமார் 155 டாலர், 2005-ல் சுமார் 137. 2010-ல் 376, 2016-ல் 367. இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஆறேழு வருஷம், புத்தக மதிப்பில் ஒன்றும் சேரவில்லை. பங்கை விற்றுவிட்டுப் போனவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

ஏன் அப்படி ஆனது என்று புரிய, காப்பீட்டில் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன்.

ஒரு லாரிக்கு ஏப்ரல் மாதம் பாலிசி போடுகிறோம். முழு வருஷத்துப் பிரீமியமும் அன்றைக்கே வந்துவிடும். ஆகஸ்டில் அந்த லாரி ராசிபுரம் பக்கம் ஒரு டூவீலர்காரர் மேல் மோதி அவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரியின் முகப்பு நசுங்கியதற்கான ஓ.டி. கிளெய்ம், அதாவது வண்டியின் சொந்தச் சேதத்துக்கானது, சர்வேயர் வந்து பார்த்து, பில் போட்டு, சில மாதங்களில் முடிந்துவிடும். இறந்தவர் குடும்பத்தின் தர்டு பார்ட்டி வழக்கு அப்படி இல்லை. விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு, எஃப்.ஐ.ஆர். நகல், சம்பளச் சான்று, வாரிசுச் சான்று, வாய்தாக்கள். பிறகு தீர்ப்பு. இறந்தவரின் வருமானம், அதில் அவர் சொந்தச் செலவுக்கான கழிவு, வயதுக்கேற்ற பெருக்கி, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி. மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் போனால் இன்னும் சில வருஷம். ஆக, இன்றைக்கு வாங்கிய பிரீமியத்திலிருந்து கொடுக்க வேண்டிய பணம் பல வருஷம் கழித்துத்தான் வெளியே போகிறது. நடுவில் அந்தப் பணம் எங்கே இருக்கிறது? கம்பெனியின் முதலீட்டுக் கணக்கில். இதைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள். சொந்தப் பணம் இல்லை, ஆனால் கையில் இருக்கிறது.

வருஷா வருஷம் புதுப் பாலிசி வந்துகொண்டே இருந்தால் இந்தத் தொகை குறையாது, வளரும். பிரீமியத்தைவிட கிளெய்மும் செலவும் சேர்ந்து குறைவாக இருந்தால், அதாவது கம்பைன்டு ரேஷியோ நூறுக்குக் கீழே இருந்தால், அந்தப் பணத்துக்கு வட்டியே கிடையாது. மேலே கொஞ்சம் லாபமும் கிடைக்கும். நூறுக்கு மேலே போனால் கடன் வாங்கி முதலீடு செய்வதற்குச் சமம். வாட்சா தன் கடிதங்களில் ஃப்ளோட் எவ்வளவு, அதற்கு ஆன செலவு எவ்வளவு என்று தனி அட்டவணை கொடுக்கிறார். கனடாவின் அரசுப் பத்திர வட்டியோடு ஒப்பிட்டும் காட்டுகிறார். நம் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றில் கம்பைன்டு ரேஷியோ நூறைத் தாண்டி நிற்பதும், முதலீட்டு வருமானத்தால் அந்த ஓட்டை அடைபடுவதும் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதைத் தன் பங்குதாரருக்கு இவ்வளவு வெளிச்சமாக, ஒரே பக்கத்தில், வருஷக் கணக்கில் எழுதிக் காட்டியதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது, ரிசர்வ். மேலே சொன்ன ராசிபுரம் வழக்குக்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது? தீர்ப்பு எட்டு லட்சமா, முப்பது லட்சமா என்று கோப்பைத் திறக்கும் நாளில் யாருக்கும் தெரியாது. அதிகாரி ஒரு தொகை போட வேண்டும். குறைத்துப் போட்டால் அந்த வருஷ லாபம் அழகாக இருக்கும், ஐந்தாறு வருஷம் கழித்து உண்மை வெளியே வரும். கோப்பு ஒன்றுதான் என்றால் தாங்கலாம். ஒரு கம்பெனியே பல வருஷமாகக் குறைத்துப் போட்டிருந்தால், அதை வாங்குகிறவர் தலையில் எல்லாம் சேர்ந்து விழும்.

வாட்சாவுக்கு நடந்தது அதுதான். 1998-ல் க்ரம் அண்ட் ஃபார்ஸ்டர், 1999-ல் டி.ஐ.ஜி. என இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களை வாங்கினார். கிரஹாம் பாணியில் மலிவு விலை. பழைய பாலிசிகளில் கூடுதல் கிளெய்ம் வந்தால் 1 பில்லியன் டாலர் வரை தாங்குவதற்கு ஸ்விஸ் ரீ நிறுவனத்திடம் மறுகாப்பீடும், அதாவது காப்பீட்டு நிறுவனம் தனக்கே எடுக்கும் காப்பீடும், எடுத்துக்கொண்டார். போதவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோய்ப்பட்டவர்கள் போட்ட பழைய வழக்குகள், குறைந்த பிரீமியத்துக்கு எழுதித் தள்ளிய பாலிசிகள், 2001 செப்டம்பர் 11 தாக்குதல் என்று அடிமேல் அடி. அந்த 2001 நஷ்டத்தில் முடிந்தது. 2002 கடைசியில் டி.ஐ.ஜி. புதுப் பாலிசி எழுதுவதையே நிறுத்தி, பழைய கிளெய்ம்களைத் தீர்த்து முடிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது. 2005-ல் கத்ரீனா, ரீட்டா, வில்மா புயல்கள் வந்து இன்னொரு பெரிய நஷ்ட வருஷம். 1999 முதல் 2005 வரையான காலத்தை ஏழு மெலிந்த ஆண்டுகள் என்று அவரே பின்னாட்களில் குறிப்பிடுகிறார்.

அந்த ஆண்டுகளின் கடிதங்களைத்தான் நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். கிளெய்ம் பார்த்தவன் என்பதால் எனக்கு ரிசர்வ் அட்டவணைகள் மேல்தான் கண். ஒவ்வொரு வருஷத்து விபத்துகளுக்கும் முதலில் எவ்வளவு ஒதுக்கினோம், அடுத்தடுத்த வருஷங்களில் அது எப்படி மாறியது என்று முக்கோண வடிவில் அச்சிட்டிருப்பார்கள். குறைவாக ஒதுக்கிய வருஷம் அதில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அந்த முக்கோணத்தை ஒளிக்காமல் போட்டுவிட்டு, அதன் மேலேயே, வாங்கிய விலை மலிவு என்று நினைத்தோம், உள்ளே இருந்த பிரச்சினையின் அளவு தெரியவில்லை என்ற பொருள்பட எழுதுகிறார். பழியைச் சந்தை மேலேயோ புயல் மேலேயோ மட்டும் போட்டு நகர்ந்துவிடவில்லை.

அதே நேரத்தில் வெளியிலிருந்தும் நெருக்கடி. 2002 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட உடனே, பங்கு விழும் என்று பந்தயம் கட்டிய ஹெட்ஜ் ஃபண்டுகள் என்ற முதலீட்டு நிதிகள் சூழ்ந்துகொண்டன. 2006-ல் அவற்றின் மேல் நியூ ஜெர்சியில் வழக்குப் போட்டார். 2009-ல் நியூயார்க் பட்டியலையே வேண்டாம் என்று விலக்கிக்கொண்டு டொராண்டோவோடு நின்றுகொண்டார். இந்தச் சண்டை பற்றிய பக்கங்கள் எனக்கு ரொம்ப ருசிக்கவில்லை, வேகமாகப் புரட்டலாம்.

புரட்டக் கூடாதது 2003-லிருந்து 2008 வரை ஒரு ஓரமாக வளர்ந்து வரும் இன்னொரு கதை. அமெரிக்காவில் வீட்டுக் கடன்களைக் கொடுத்தவர் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், மூட்டை கட்டிப் பத்திரமாக்கி விற்றுவிடுகிறார். கடன் திரும்பி வருமா என்ற கவலை யாருக்கும் இல்லை. இது ஆபத்து என்று அந்த ஆரம்ப வருஷங்களிலேயே எழுதுகிறார். எழுதியதோடு நிற்கவில்லை, கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப் எனப்படும் ஒப்பந்தங்களை வாங்கிப் போடுகிறார். ஒரு கம்பெனி தன் கடனைக் கட்டத் தவறினால் பணம் தரும் ஒருவகைக் காப்பீடு அது. வருஷா வருஷம் அதன் சந்தை மதிப்பு குறைந்துகொண்டே போக, அந்தக் குறைவும் நஷ்டக் கணக்கில் ஏறியது. சொந்தக் கம்பெனியே தள்ளாடிக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு செலவை வருஷக் கணக்கில் தாங்கி நின்றார் என்பதை 2004, 2005, 2006 கடிதங்களை வரிசையாகப் படித்தால்தான் உணர முடியும். 2007-லும் 2008-லும் அவை 2 பில்லியன் டாலருக்கு மேல் லாபமாகத் திரும்பி வந்தன. பத்திரிகைகள் அவரைக் கண்டுகொண்டது அப்போதுதான்.

இந்த இடத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். என் அக்கா மகன் அப்படித்தான் நிறுத்தினான். கோவையில் ஆப்ஷன் டிரேடிங் பண்ணுகிறவன். 2007 கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரி ஃபோன் பண்ணி, “மாமா, இந்த மனுஷன் பயங்கரமான ஆளு மாமா. மார்க்கெட் உழுகும்னு முன்னாடியே பார்த்துட்டாரு பாருங்க” என்றான். “சரி மாப்பிள்ளை, அடுத்த பத்து வருஷக் கடிதத்தையும் படிச்சுட்டுக் கூப்பிடு” என்றேன்.

ஏனென்றால் அடுத்த பத்து வருஷம் வேறு கதை. 2008-க்குப் பிறகு உலகம் ஜப்பானைப் போல நீண்ட மந்தத்துக்குள் போகும், விலைவாசியே கீழே இறங்கும் என்று வாட்சா முடிவு கட்டினார். தன்னிடம் இருந்த பங்குகள் விழுந்தால் ஈடுகட்டச் சந்தைக் குறியீடுகளை ஷார்ட் பண்ணி வைத்தார், அதாவது சந்தை இறங்கினால் லாபம், ஏறினால் நஷ்டம். இந்த ஈடுகட்டும் ஏற்பாட்டைத்தான் ஹெட்ஜ் என்கிறார்கள். விலைவாசி குறைந்தால் பணம் தரும் ஒப்பந்தங்களையும் வாங்கிக் குவித்தார். மந்தம் வரவில்லை, சந்தை ஏறிக்கொண்டே போனது. 2016 கடைசியில்தான் அந்த ஹெட்ஜ்களை எடுத்தார். விலைவாசி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பயன்படாமலே காலாவதியாயின. போன பணம் பில்லியன் கணக்கில். 2010 முதல் 2015 வரையான கடிதங்களில் ஹெட்ஜை நியாயப்படுத்தும் பத்திகள் வருஷத்துக்கு வருஷம் நீளமாகிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். ஒரு தடவை சரியாகக் கணித்தவர், அந்தக் கணிப்பைக் கைவிட எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதை இவ்வளவு அருகில் வேறு எங்கே பார்க்க முடியும்? இனி குறியீடுகளை ஷார்ட் பண்ணுவதில்லை என்று பின்னால் எழுதுகிறார். என் பார்வையில் 2008-ன் வெற்றியைவிடப் படிக்க வேண்டியது இந்தப் பகுதி.

பிளாக்பெரி என்ற கைபேசிக் கம்பெனியில் பணம் போட்டதும் இதே காலத்தில்தான். சொந்த நாட்டுக் கம்பெனி, வாட்சா வேந்தராக இருந்த வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஊர். 2010-லிருந்து வாங்க ஆரம்பித்து, 2012-ல் இயக்குநர் குழுவில் உட்கார்ந்து, 2013-ல் பங்குக்கு 9 டாலர் என்று முழுக் கம்பெனியையே வாங்க முன்வந்து, அது கூடிவராமல் கடன் பத்திரமாகப் பணம் போட்டார். புத்தக மதிப்பைப் பார்த்து வாங்குவது எங்கே உதவாது என்பதற்கு இது பாடம். கைபேசித் தொழிலில் நேற்றைய சொத்து இன்றைக்கு மதிப்பில்லாமல் போகும். வாட்சா 2024 தொடக்கத்தில் அந்தக் குழுவிலிருந்து விலகினார். அந்தச் சமயத்தில் வந்த கடிதத்தில் அதைத் தன்னுடைய இன்னொரு படுமோசமான முதலீடு என்றே எழுதிவிட்டார். அந்தப் பணத்தைப் பெரிய டெக் கம்பெனிகளில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கையும் அவரே நினைவுபடுத்துகிறார்.

கடைசிக் கட்டம் 2020-க்குப் பிறகு. கோவிட் நேரத்தில் ஃபேர்ஃபாக்ஸ் பங்கு புத்தக மதிப்புக்கு வெகு கீழே கிடந்தது. ஜூன் மாதம் வாட்சா தன் சொந்தப் பணத்தில் சுமார் 149 மில்லியன் டாலருக்கு, சராசரி 308 டாலர் சொச்சத்தில் பங்குகளை வாங்கினார். கம்பெனியும் தன் பங்கின் மேலேயே, கிட்டத்தட்ட 20 லட்சம் பங்குகளுக்கு, விலை ஏறினால் பணம் வரும் ஒப்பந்தம் போட்டது. 2021 டிசம்பரில் பங்கு ஒன்றுக்கு 500 டாலர் என்று 20 லட்சம் பங்குகளைத் திரும்ப வாங்கியது. இன்சூரன்ஸ்காரன் கண்ணுக்கு இதைவிடப் பெரியது பத்திரங்களில் நடந்தது. வட்டி அடிமட்டத்தில் இருந்த நாட்களில், கொஞ்சம் கூடுதல் வட்டிக்காக எல்லாரும் நீண்டகாலப் பத்திரங்களுக்குப் போனார்கள். வாட்சா குறுகிய காலப் பத்திரங்களிலேயே ஒதுங்கி நின்றார். 2022-ல் வட்டி விறுவிறுவென்று ஏறியபோது மற்றவர்கள் வைத்திருந்த குறைந்த வட்டிப் பத்திரங்களின் மதிப்பு சரிந்தது, இவர் பணம் முதிர்ந்து வந்து புது வட்டியில் போய் உட்கார்ந்தது. 2021-ல் சுமார் 640 மில்லியனாக இருந்த வட்டி, டிவிடெண்ட் வருமானம் 2024-ல் 2.5 பில்லியனாகியது. இடையில் 2024 பிப்ரவரியில், பங்கு விழும் என்று பந்தயம் கட்டும் மடி வாட்டர்ஸ் என்ற நிறுவனம் ஃபேர்ஃபாக்ஸின் கணக்குகளைச் சாடி அறிக்கை விட்டது. நிறுவனம் மறுத்துப் பதில் சொன்னது, பங்கு விலையும் சீக்கிரமே மீண்டது. 20 வருஷத்துக்கு முந்தைய கடிதங்களைப் படித்தவர்களுக்கு அது புதிய அனுபவமாக இருந்திருக்காது.

இனி குறைகள். ஒன்று, நடை. தன் கம்பெனித் தலைவர்களைப் பற்றி எழுதும்போது எல்லாருமே அற்புதமானவர்கள், எல்லா வருஷமுமே சிறப்பானது. ஆச்சரியக் குறிகள் அதிகம். துணை நிறுவனங்களின் பெயரும் சதவீதமும் வரிசையாக வரும் பக்கங்களில் புதியவர்கள் நொந்துபோவார்கள். இரண்டு, இந்தியா பற்றிய பக்கங்கள். பிறந்த நாட்டின் மேல் அவருக்கு உள்ள பாசம் எனக்குப் புரிகிறது. 2020-ல் பத்மஸ்ரீயும் வந்தது. 2012-ல் தாமஸ் குக் இந்தியா, 2015-ல் இந்தியாவில் முதலீடு செய்வதற்கென்றே ஃபேர்ஃபாக்ஸ் இந்தியா என்ற தனி நிறுவனம், 2016-ல் சென்னையின் சன்மார் குழுமத்தில் 300 மில்லியன் டாலர், 2017-ல் பெங்களூரு விமான நிலையம், 2018-ல் திருச்சூரின் சி.எஸ்.பி. வங்கி என்று நிறையச் செய்திருக்கிறார். ஆனால் இந்திய அரசியல் தலைமையையும் பொருளாதாரத்தையும் பற்றி எழுதும்போது, டி.ஐ.ஜி. முக்கோணத்தை அச்சிட்ட அந்தக் கறார்த்தனம் காணாமல் போய்விடுகிறது. ஃபேர்ஃபாக்ஸ் இந்தியாவின் பங்கு நீண்ட காலமாகப் புத்தக மதிப்புக்குக் கீழேயே விற்கிறது. 5 சதவீத வளர்ச்சிக்கு மேல் கிடைப்பதில் 20 சதவீதத்தை ஃபேர்ஃபாக்ஸ் கட்டணமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று பங்குதாரர் சந்தேகப்பட்டால், கடிதத்தில் போதுமான பதில் இல்லை.

மூன்றாவது, எனக்கு ஒப்பாத விஷயம். வாட்சாவிடம் இருக்கும் தனிவகைப் பங்குகளால் வாக்குகளில் 40 சதவீதத்துக்கு மேல் அவர் கையில். மூலதனத்தில் அவர் பங்கு அதைவிட வெகு குறைவு. புதுப் பங்குகள் வெளியிட்டாலும் அந்த வாக்குப் பலம் குறையாதபடி 2015-ல் பங்குதாரர்களிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டார். சம்பளம் பல வருஷமாக 6 லட்சம் கனடிய டாலர்தான், போனஸ் கிடையாது என்பது அவருக்குப் பெருமை சேர்ப்பது. கட்டுப்பாடு குடும்பத்தில் இருந்தால்தான் நீண்டகாலப் பார்வை நிலைக்கும் என்ற அவர் வாதத்தையும் 1999-2005 காலத்தைப் பார்த்தவன் அப்படியே தள்ளிவிட முடியாது. கட்டுப்பாடு கையில் இல்லையென்றால் அந்த ஏழு வருஷத்தில் அவரை வெளியேற்றியிருப்பார்கள். ஆனால் மகனும் மகளும் இயக்குநர் குழுவில் இருக்கிறார்கள், அவருக்குப் பிறகும் குடும்பத்தின் பிடி தொடரும். அடுத்த தலைமுறைக்கும் இதே திறமை இருக்கும் என்பதற்குப் பங்குதாரருக்கு என்ன உத்தரவாதம்? கடிதங்கள் இந்தக் கேள்வியை நல்ல வார்த்தைகளால் கடந்துபோகின்றன.

எப்படிப் படிக்கலாம் என்று கேட்டால், புதுசிலிருந்து பின்னால் போகாதீர்கள். 1985 முதல் 1990 வரை ஒரே மூச்சில் முடித்துவிடலாம், சின்னச் சின்னக் கடிதங்கள். கம்பெனி என்ன, ஃப்ளோட் என்ன என்று எளிமையாகச் சொல்லியிருப்பார். 1998-லிருந்து 2006 வரை ஒன்றையும் விடாமல், மெதுவாக. 2010-லிருந்து 2016 வரையானவற்றில் ஹெட்ஜ் பகுதியை மட்டும் தொடர்ந்து படித்தால் போதும். பிறகு 2020-ம் 2023-ம். ஆங்கிலம் கடினமில்லை. கம்பைன்டு ரேஷியோ, ரிசர்வ், ஃப்ளோட் ஆகிய மூன்றும் பிடிபட்டுவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். பொதுக் காப்பீட்டில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு, குறிப்பாக கிளெய்ம், அண்டர்ரைட்டிங் பிரிவுகளில் இருப்பவர்களுக்கு, இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். நாம் அன்றாடம் போடும் ஒரு ரிசர்வ் தொகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நம் பயிற்சி வகுப்புகளில் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரப்படுவதில்லை.

இது பங்கை வாங்கச் சொல்லும் பரிந்துரை இல்லை. நான் மதிப்பிட்டது கடிதங்களை மட்டும்தான். மாப்பிள்ளை இப்போது 2014-ல் இருக்கிறான். போன வாரம் பேசும்போது, “மாமா, இவரு ஏன் இன்னும் அந்த ஹெட்ஜைக் கழட்ட மாட்டேங்கறாரு?” என்று நிஜமாகவே கவலையோடு கேட்டான்.